‘மௌத்தாகிவிட்டால் நல்லது’ என்று ஒருத்தி சொன்னால்...

அன்னை மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையோடு பேரீத்த மரத்தடியில் தனியாக ஒதுங்கி நின்றபோது, இதற்கு முன்பே நான் இறந்து அடியோடு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்ற கருத்தில் புலம்பினார்கள். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் இதை மறைக்காமல் சொல்கிறது. சுவனத்துப் பெண்மணி, அல்லாஹ்வினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவர்களின் வாயிலிருந்தே மரணத்தை விரும்பும் சொல் வந்திருக்கிறது.

அதற்கு வந்த பதிலைத்தான் நம் சகோதரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ‘இப்படிச் சொல்லலாமா? உனக்கு ஈமான் இல்லையா?’ என்ற கண்டிப்பு வரவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. மரத்தை அசைத்தால் விழும் கனிந்த பழம் வந்தது. உண்ணும்படியும் பருகும்படியும் கண் குளிர்ந்திருக்கும்படியும் சொல்லப்பட்டது. ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பாரம்கூட அன்றைக்கு அவர்களிடமிருந்து இறக்கி வைக்கப்பட்டது.

நம் வீடுகளில் ஒரு பெண், ‘மௌத்தாகிவிட்டால் நல்லது’ என்று வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்கிறது? ‘தவ்பாச் செய், ஹராமான பேச்சுப் பேசாதே’ என்று ஒருவர் அதட்டுவார். இன்னொருவர் காதில் விழாதது போல அடுப்படிக்குப் போய்விடுவார். தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. நம் குழந்தைகளுக்கும் அது தெரியும். உங்களை நீங்களே மாய்த்துக் கொள்ளாதீர்கள் என்று தடுக்கும் வசனம் (4:29), அல்லாஹ் உங்கள் மீது மிக்க இரக்கமுடையவன் என்ற கருத்தோடு முடிகிறது. பயான்களில் முற்பகுதியை உரத்த குரலில் ஓதுகிறோம். பிற்பகுதிக்கு வரும்போது நேரம் முடிந்துவிடுகிறது!

கேட்க ஆளில்லாத வீடுகள்

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், வேலணைத் தீவில் சாட்டி என்றொரு கடற்கரை ஊர் உண்டு. வெண்மணல், சிந்தாத்திரை மாதா கோயில், சுற்றுத் தீவுகளுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நன்னீர்க் கிணறுகள், கொஞ்சம் உள்ளே போனால் வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டங்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் ஒருபுறம், வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகள் மறுபுறம். அங்கே பேச்சுக் கொடுத்த ஒரு மூதாட்டி சொன்னார்: “இடம்பெயர்ந்து இருக்கேக்க ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ள நாப்பது குடும்பம் இருந்தம், தம்பி. ஒருத்தி அழுதா நாலு பேர் என்னெண்டு கேப்பினம். இப்ப வீடு இருக்குது. கேக்க ஆளில்லை.”

அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண நகரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த நம் உம்மாமாரும் ராத்தாமாரும் இதே சொல்லைச் சொல்வார்கள்.

இது வெறும் முதியோர் புலம்பல் அன்று. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள் பங்குகொண்டு 1995இல் வெளிவந்த ஆய்வொன்று, போர் கடுமையாக இருந்த காலத்தில் அங்கே தற்கொலைகள் குறைந்திருந்ததை எடுத்துக் காட்டியது. குண்டு விழும்போது மனிதர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்கிறார்கள். ஓய்ந்த பிறகுதான் தனித்தனியாகி விடுகிறார்கள்.

ஒரு நாடு செய்து காட்டிய காரியம்

1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களுள் ஒன்று அது. சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி விவசாயக் கிராமங்களில் பெரும்பாலான மரணங்கள் தோட்டத்து மருந்தினால் ஏற்பட்டன. இன்று அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது.

எப்படி இறங்கியது? வறுமை ஒழிந்துவிடவில்லை. குடும்பச் சண்டை ஓய்ந்துவிடவில்லை. 1980ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பூச்சிமருந்துகளைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற அரசு அலுவலகம், மனித உயிருக்கு மிகக் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1984இல் சில, 1995இல் மேலும் சில, 1998இல் ஒன்று, 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். இந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை. 1995க்கும் 2015க்கும் இடையில் இவ்வகையில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருந்தைக் கையில் எடுத்தவர்களின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. எடுத்தவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. வைத்தியசாலைகளில் அவர்களிடம் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட யோசிக்காமல் அதைச் செய்ததாகத் தெரிந்தது. அதாவது, சாக வேண்டும் என்று பல மாதங்களாகத் தீர்மானித்தவர்கள் அல்லர் இவர்கள். ஒரு வார்த்தை, ஓர் அடி, ஓர் அவமானம், அதன்பின் ஒரு கொடிய அரை மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதே வாழ்வா மரணமா என்பதை முடிவு செய்திருக்கிறது. ‘விதி’ என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம்.

அப்படியானால் வீட்டிலுள்ள மருந்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதுமே என்று தோன்றும். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீடுவீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது: எதிர்பார்த்த பயன் இல்லை. சாவி வீட்டில்தானே இருக்கிறது! தமிழகத்தில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்களின் குழுவினர் வேறுவிதமாகச் செய்தார்கள். ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் ஒவ்வொரு விவசாயியின் மருந்தையும் வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுக்க ஓர் ஆளையும் நியமித்தார்கள். நம் பள்ளிவாசல்களில் மையித்துக் கட்டிலை வைக்க ஓர் அறை இருக்கிறது. இதற்கும் ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவா? தோட்டம் செய்யும் மஹல்லாக்களின் நிருவாகிகள் யோசிக்கட்டும். அதுவரை, மருந்து தோட்டத்துக் கொட்டிலில் இருக்கட்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கணவரிடம் பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

பொலிஸ் பயம் வேண்டாம்

தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் ஒரு காலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1998இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவிலும் 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், இப்படி முயன்றவரைத் தண்டிக்காமல் அவருக்குச் சிகிச்சையும் உதவியும் தரவேண்டும் என்கிறது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. ‘கேஸ் ஆகிவிடும், மானம் போய்விடும்’ என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கழித்து உயிரை விட்ட குடும்பங்கள் உண்டு. என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லி உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

மனம் உடைந்திருப்பவர் பேசுவதற்கு இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல நிலையத்தின் இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. இந்தியாவில் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம். கொழும்பில் 1974இல் ஜோன் டி மெல் என்ற அம்மையார் தொடங்கிய ‘சுமித்ரயோ’வின் தொண்டர்களும் இதே பணியைச் செய்கிறார்கள். நல்ல நண்பர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அவர்கள் புத்தி சொல்வதில்லை, மதம் பேசுவதில்லை, காது கொடுத்துக் கேட்கிறார்கள். நம்மைப் போன்ற மௌலவிமாருக்கு இது கொஞ்சம் கடினமான பாடம்தான். மிம்பரில் நின்று பேசிப் பழகியவர்கள் நாம்.

செய்தி பரப்பும் நாவு

1980இல் வட இலங்கையில் இரு மாணவிகள் ஒரு செடியின் விதையை உண்டு இறந்தார்கள். பத்திரிகைகள் அதை விரிவாக எழுதின. அதற்கு முன் அவ்வழியில் இறந்தோர் அரிது. 1983ஆம் ஆண்டில் மட்டும் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதையே செய்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். செடியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்றைக்குக் கைபேசியில் ஒரு மரணச் செய்தி வந்த அடுத்த நிமிடம், எப்படி, எதனால், எந்த அறையில் என்று நம் பெண்கள் குழுக்களில் நடக்கும் விசாரணையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்தக் குழுவிலேயே வேறு எந்தச் சகோதரி எந்த நிலையில் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்?

வாசலில் நிற்கும் கடன்காரன்

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் வீடுவீடாக வந்தன. கணவரை இழந்த பெண்கள், தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள்தான் அவர்களின் இலக்கு. காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம், அயலில் நாலு பெண்கள் சேர்ந்து பொறுப்பேற்றால் போதும். வாரந்தோறும் தவணை. ஒரு வாரம் தவறினால் வசூலிப்பவன் வாசலில் நிற்பான். இருட்டும் வரை நிற்பான். பொறுப்பேற்ற பெண்களும் சேர்ந்து ஏசுவார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர் இலங்கைக்கு வந்தபோது, வசூலிப்போரின் பாலியல் தொல்லை வரைக்கும் அவர் காதுக்கு எட்டியது. கடன் சுமையால் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தபின், அதே ஆண்டில் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது.

வட்டி ஹராம் என்று அந்தப் பெண்ணிடம் போய் உபதேசம் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அவள் கடன் கேட்டு முதலில் வந்தது எந்த வாசலுக்கு? நம் வாசலுக்குத்தான். வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்தே, கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்ற கட்டளை வருகிறது (2:280). ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் (9:60). ரமழானில் நூறு வீடுகளுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துப் படம் எடுக்கிறோம். அதே பணத்தில் ஒரு பெண்ணின் கடனை முழுவதுமாகத் தீர்த்து, அவள் வாசலில் நிற்பவனை ஒரேயடியாக அனுப்பிவிடலாம். பெயர் வெளியே தெரியாமல் செய்யலாம்.

ஸல்மான் (ரலி) கேட்ட கேள்வி

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனபோது, உம்முத்தர்தா (ரலி) அவர்கள் தம்மைக் கவனிக்காமல் பழைய உடையில் இருப்பதைக் கண்டார்கள். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். அவர்களும் உண்மையைச் சொன்னார்கள். அன்றிரவே அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் பேசி, உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் நடுநிலையான இபாதத்துக்கு ஆதாரமாகத்தான் படிக்கிறோம். ஒரு பெண்ணின் உடையில் தெரிந்த துயரத்தைக் கவனித்து ஒருவர் கேட்டதால் அன்றோ அத்தனையும் நடந்தது!

தலை வாராமல், சாப்பாட்டில் நாட்டமின்றி, வழக்கமாக வரும் ஓதல் மஜ்லிஸுக்கு வராமல் ஒருத்தி ஒதுங்கினால் போய்க் கேளுங்கள். பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்துக்குள் இருக்கும் தாயை இன்னும் கூடுதலாகக் கவனியுங்கள். ‘உயிரை விட்டுவிட வேண்டும் போல இருக்கிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது மருத்துவர்களின் அனுபவம். பலருக்குப் பாரம் இறங்குகிறது. ஆம் என்று அவள் சொன்னால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். மனநல வைத்தியரிடம் கூட்டிப்போவது பேய் பிடித்தவளுக்குச் செய்யும் காரியம் அன்று. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பதைப் போன்றதே.

மௌத்தான வீட்டில்

தற்கொலையால் ஒருவர் இறந்துவிட்டால் ஜனாஸாத் தொழுகை இல்லை என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள். அப்படி இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்கவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருவது உண்மை. மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகவே அவ்வாறு செய்தார்கள், ஸஹாபாக்கள் தொழுதார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் குளிப்பாட்டுதலும் கபனும் தொழுகையும் முஸ்லிம்களின் மையவாடியும் அவருக்கு உண்டு.

அதே ஸஹீஹ் முஸ்லிமில் துஃபைல் பின் அம்ர் (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் வந்த ஒருவரின் செய்தியும் இருக்கிறது. நோயின் வேதனை தாங்காமல் அவர் தன் கையாலேயே தனக்குத் தீங்கு செய்து இறந்துபோனார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல தோற்றத்தோடு கண்டார்கள். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டால் அல்லாஹ் மன்னித்தான், நீ கெடுத்துக்கொண்டதை மட்டும் சீராக்கமாட்டோம் என்று சொல்லப்பட்டது என்றார். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கைகளையும் மன்னித்துவிடு என்று அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். ‘உங்கள் மகள் நரகவாதி’ என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த துஆவைப் படிக்கட்டும்.

அந்த வீட்டுக்குப் போகும் சகோதரிகள் காரணம் விசாரிக்க வேண்டாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குடும்பத்தில் ஒருவர் மௌத்தானால், வந்த பெண்கள் கலைந்துபோய் வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் இருக்கும்போது, ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும், கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாக அறிவித்துள்ளார்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி அது; பாலும் தேனும் சேர்ப்பதுண்டு. நம் கடைகளில் பார்லி என்று கேட்டால் கிடைக்கும். மூன்றாம் நாள் முடிந்து, நாற்காலிகளையும் பந்தலையும் ஏற்றிக்கொண்டு லொறி போன பிறகு, ஒரு சிறு பானையில் எடுத்துக்கொண்டு போங்கள்.