அந்திரொமேடா பேரடை

அந்திரொமேடா பேரடை என்பது நமது பால்வழிக்கு மிக அருகிலுள்ள பெரிய சுருள் பேரடை ஆகும். இது புவியிலிருந்து சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. நிலவற்ற இருண்ட இரவில், மங்கிய புகைத்திட்டு போல வெறுங்கண்ணுக்கே தெரியும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் இதனைப் பால்வழிக்குள் இருக்கும் ஒரு முகில் என்றே கருதினர். 1923இல் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கி மூலம் இதில் ஒரு செபீடு மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். இவ்வகை விண்மீனின் ஒளி கூடிக் குறையும் கால அளவிலிருந்து அதன் உண்மையான ஒளிர்வை அறியலாம் என ஹென்றியேட்டா லெவிட் முன்பே காட்டியிருந்தார். அதனைக் கொண்டு ஹபிள் கணித்த தொலைவு சுமார் 9 இலட்சம் ஒளியாண்டுகள். இன்றைய மதிப்பைவிட இது குறைவு. எனினும் பால்வழியின் அகலமோ சுமார் 1 இலட்சம் ஒளியாண்டுகளே. எனவே அந்திரொமேடா தனியொரு பேரடை என்பதும், பால்வழி பேரடைகள் பலவற்றுள் ஒன்றே என்பதும் உறுதியாயின.