கடன் ரூ.10 ஆயிரம், கைக்கு வருவது ரூ.8,500!
மதுரையில் தண்டல் வட்டி: சட்டம் இருக்கிறது, ரசீதுதான் இல்லை

மதுரையில் பொழுது விடிவதற்கு முன்பே இரண்டு வியாபாரம் சூடு பிடித்து விடுகிறது. ஒன்று காய்கறி, பூ. இன்னொன்று பணம்!

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சரக்கு எடுக்கிற சில்லரை வியாபாரிக்கு விடியற்காலையில் கையில் முதல் வேண்டும். பாங்கி கதவு திறப்பது காலை 10 மணிக்கு. அதற்குள் கத்தரிக்காய் வாடிப் போகும். அவர் யாரிடம் போவார்? தண்டல்காரரிடம்தான்.

அங்கே பாரம் நிரப்ப வேண்டாம். "நாளைக்கு வா" என்ற பேச்சும் கிடையாது. கேட்டதும் பணம்!

அந்தப் பணத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

100 நாள் கணக்கு

ரூ.10 ஆயிரம் கடன் என்பது பேச்சுக்குத்தான். பிடித்தம் ரூ.1,500 போக, கைக்கு வருவது ரூ.8,500. தினம் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"நூத்துக்குப் பதினஞ்சுதானே, போகட்டும்" என்று தோன்றும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 50-வது நாளிலேயே ரூ.5 ஆயிரம் திரும்பிப் போய் விடுகிறது. 100 நாளும் சேர்த்துப் பார்த்தால், வியாபாரி கையில் சராசரியாக நின்றது பாதிப் பணம்தான். அந்தப் பாதிக்கு 100 நாளில் ரூ.1,500 வட்டி. ஆண்டுக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது!

ஒரு நாள் மழை பெய்து வியாபாரம் படுத்து விட்டால்? தவணை தவறிய நாளிலிருந்து டாக்சி மீட்டர் போல ஏறுவது மீட்டர் வட்டி. இது தவிர ரன் வட்டி, ஸ்பீடு வட்டி, ஜெட் வட்டி என்றும் உண்டு. பெயர் வைப்பதில் நம்ம ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை.

3 ஆண்டு ஜெயில்

அடகுக் கடைக்கு 1943-ம் ஆண்டிலும், வட்டிக்கு விடுகிறவர்களுக்கு 1957-ம் ஆண்டிலும் தனித்தனிச் சட்டம் வந்தது. வட்டிக்கு விட தாசில்தாரிடம் லைசென்சு வாங்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். ரசீது கொடுக்க வேண்டும். தண்டல்காரரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

2003-ம் ஆண்டு மே மாதம் "மவுன ராகம்", "தளபதி" படங்களின் தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் சென்னையில் தற்கொலை செய்து கொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்ற பேச்சு தமிழ்நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை பெயர் சொல்லியே அதில் தடை செய்யப்பட்டன. மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.30 ஆயிரம் வரை அபராதம்.

கடன்காரரின் தொல்லை தாங்காமல் கடன் வாங்கியவரோ அவர் குடும்பத்தாரோ உயிரை விட்டால், அதற்குத் தூண்டியவர் கடன் கொடுத்தவரே என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். "நான் காரணமில்லை" என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நெல்லையில் நடந்தது

இத்தனை இருந்தும் 2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு தீக்குளித்தார். நான்கு உயிரும் போயிற்று. கந்து வட்டிக் கொடுமை பற்றிப் பல தடவை மனு கொடுத்த குடும்பம் அது.

அதன் பிறகு என்ன நடந்தது? மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து மண்எண்ணெய் கேன் இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலக வாசலில் போலீசார் சோதனை போட ஆரம்பித்தார்கள். பைக்குள் பார்த்த அக்கறையை மனுவுக்குள்ளும் காட்டியிருக்கலாம்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் "ஆபரேஷன் கந்துவட்டி" என்று மாநிலம் முழுவதும் போலீஸ் வேட்டை நடந்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில், மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கும் மசோதாவும் சட்டசபையில் நிறைவேறியது.

வெற்றுத்தாள் வேண்டாம்

போலீசில் புகார் கொடுத்தால் முதல் கேள்வி, "ஆதாரம் எங்கே?" என்பதுதான். எழுதாத புரோநோட்டிலும் தொகை போடாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் எதைக் காட்டுவார்?

தினமும் கட்டுகிற பணத்தைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போன் மூலம் பணம் அனுப்பினால் அதுவே சாட்சி. கொடுக்க வேண்டிய தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டுக் கணக்கை முடிக்கவும், பிடுங்கிய சொத்தைத் திரும்பக் கேட்கவும் 2003-ம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கலெக்டரிடம் மனு கொடுக்க திங்கட்கிழமை போகலாம். மனம் உடைந்தவர்கள் 104-க்கு போன் செய்தால் பேச ஆள் உண்டு.

குழுக் கடன் சங்கதி வேறு

தண்டல்காரர் மேல் ரிசர்வ் வங்கியில் புகார் சொல்லிப் பலன் இல்லை. அது தாசில்தார், போலீஸ் வேலை. ஆனால் மேலூர், உசிலம்பட்டி பக்கம் பெண்களுக்குக் குழுக் கடன் கொடுக்கிற பைனான்ஸ் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் பிடிக்குள் வருகின்றன.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் உள்ள விதிப்படி, ஆண்டுக்கு ரூ.3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஜாமீன் இல்லாமல் கொடுக்கும் கடன் இந்த வகை. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது.

வந்து நின்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், பெரிய கம்பெனிகள் மீது ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.