கடைசி வீட்டின் வோல்ட்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரத்தின் அழுத்தம் பெயரளவில் 120 வோல்ட் என்றாலும், நியமப்படி அது 114 முதல் 126 வரை எங்கு நின்றாலும் குற்றமில்லை. துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் கம்பி நீள நீள அழுத்தம் இறங்கிக்கொண்டே போகுமாதலால், கோடியிலுள்ள வீட்டாருக்கு 114-க்குக் கீழே போய்விடக் கூடாதே என்ற கவலையில், புறப்படும் இடத்திலேயே அதை உயர்த்தி அனுப்புவது பொறியாளர்களின் நெடுநாளைய வழக்கம். அதன் பயனாக, நிலையத்தை அடுத்துள்ள வீடுகளெல்லாம் அநாவசியமான அழுத்தத்தை இரவும் பகலும் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த மிகுதியைக் குறைத்தால் மின்சாரம் மிச்சப்படுமா என்று, எண்ணெய் நெருக்கடி கண்ட 1973-லேயே அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் என்ற கம்பெனி பரீட்சித்துப் பார்த்தது. அழுத்தத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் உபயோகத்தில் பெரும்பாலும் முக்கால் சதவீதத்தை ஒட்டிக் குறைகிறது என்பது அதன்பின் பல இடங்களில் கண்ட அனுபவம். ஆனால் எல்லாச் சாதனங்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. 120 வோல்ட்டுக்கென்று செய்த 100 வாட் இழை பல்பு 114 வோல்ட்டில் சுமார் 92 வாட்தான் எடுக்கும்; வெளிச்சமும் அதற்கேற்ப, அதைவிட அதிகமாகவே, மங்கும். தானே அணையும் வெந்நீர்க் கொதிகலனோ மெதுவாகச் சுட்டு, கூடுதல் நேரம் ஓடி, பழைய கணக்கையே நேர்செய்துவிடும். உண்மையான லாபம், பாரம் குறைந்து சுழலும் மோட்டார்களிலும், யாரும் உபயோகிக்காத வேளையிலும் தம் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்குவதிலேயே சக்தியை விரயம் செய்யும் டிரான்ஸ்பார்மர்களிலும் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் போன்றவை அழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டத்தை இழுக்குமாகையால், அவை பெருகப் பெருக இந்த லாபம் சிறுத்துக்கொண்டு வரும்.

ஆகவே, நிலையத்தில் அழுத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடுவது சிக்கனமாகாது. கோடி வீட்டாருக்கு அது அநீதியே. முதலில் கம்பித் தொடரில் ஆங்காங்கே கெப்பாசிட்டர்களை அமைத்து, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்ட பிறகே இறக்க வேண்டும். அப்படி அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் உதவும், கம்பத்தில் அமைந்த ரெகுலேட்டர் மேலே 16, கீழே 16 ஆக 32 படிகள் கொண்டது. ஒரு படி என்பது 120 வோல்ட்டில் முக்கால் வோல்ட். நாட்டின் எல்லாத் தொடர்களிலும் இம்முறையைக் கையாண்டால் ஆண்டு உபயோகத்தில் சுமார் 3 சதவீதம் மிச்சமாகும் என்று பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடம் 2010-இல் மதிப்பிட்டது. பலன் மிகுந்த 40 சதவீதத் தொடர்களில் மட்டும் செய்தாலே 2.4 சதவீதம் கைகூடும் என்ற அதன் கணக்குத்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீட்டார் ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் கிடைக்கும் மிச்சம் அல்லவா அது! இப்போது கடைசி வீட்டு மீட்டரே தன் வோல்ட் கணக்கை நிலையத்துக்கு அனுப்பிவிடுவதால், அது 117-ஐக் காட்டும்போது இன்னும் ஒரு படி இறக்கலாம் என்றும், 114-ஐ நெருங்கும்போது ஏற்ற வேண்டும் என்றும் அங்கிருப்பவர்கள் ஊகமின்றித் தீர்மானிக்கிறார்கள்.