மலையேறும் ஜீப்பும் பத்தாம் வகுப்பு இயக்க விதிகளும்

'ஹில் கிளைம்ப் ரேசிங்' என்ற பெயரை உங்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆறாம் வகுப்பாக இருந்தாலும் பத்தாம் வகுப்பாக இருந்தாலும் பாதிப் பேர் முகத்திலாவது சிரிப்பு வரும். மேடு பள்ளமான தரையில் ஒரு சிவப்பு ஜீப்பை ஓட்டிச் செல்லும் கைப்பேசி விளையாட்டு அது. திரையில் இருப்பவை இரண்டே மிதிகள்: இடப்பக்கம் பிரேக், வலப்பக்கம் ஆக்சிலரேட்டர். வழியில் காசு பொறுக்கலாம், எரிபொருள் கேன் எடுக்கலாம். குட்டிக்கரணம் அடித்தால் கூடுதல் காசு. ஓட்டுநரின் தலை தரையில் மோதினால் ஆட்டம் முடிந்தது. சேர்த்த காசைக் கொண்டு என்ஜின், சஸ்பென்ஷன், டயர், நான்கு சக்கர இயக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு படியாக மேம்படுத்தலாம்.

இதை உருவாக்கியவர் பின்லாந்தின் ஔலு நகரைச் சேர்ந்த டோனி ஃபிங்கர்ரூஸ். அவரது 'ஃபிங்கர்சாஃப்ட்' நிறுவனம் 2012-இல் இதை வெளியிட்டது. 2016-இல் இரண்டாம் பாகம் வந்தது. இரண்டும் சேர்ந்து நூறு கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கம் செய்யப்பட்டுள்ளன. கறம்பக்குடிப் பக்கத்து மாணவர் வரை இது வந்து சேர்ந்ததற்கு எளிய காரணம் உண்டு. இணைய இணைப்பு இல்லாமலே ஓடும். அப்பாவின் பழைய, விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும். டவர் கிடைக்காத வீட்டிலும் விளையாடலாம்.

இந்த வகை விளையாட்டு புதிதல்ல. 1984-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'எக்ஸைட்பைக்'கிலேயே மேடுகளில் பைக் பறந்தது. பறக்கும்போது வண்டியை முன்னும் பின்னும் சாய்க்கவும் முடிந்தது. நம்மில் சிலர் பட்டன் போனில் 'கிராவிட்டி டிஃபைட்' விளையாடியிருப்போம். வெறும் கோடுகளால் ஆன மலையில் கோட்டுச் சித்திர பைக்கை ஏற்றி, மல்லாக்க விழுந்து, மறுபடி ஏற்றியது நினைவிருக்கலாம். எனவே இன்றைய பிள்ளைகளைப் பார்த்து மட்டும் நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஓட்டுநரின் பெயர் நியூட்டன் பில். இயற்பியல் விதிகளை அதிகம் மதிக்காதவன் என்றுதான் விளையாட்டைச் செய்தவர்களே அவனை அறிமுகப்படுத்துகிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே 'இயக்க விதிகள்' என்பதால், அவன் எந்த விதியை மதிக்கிறான், எதை மீறுகிறான் என்று கண்டுபிடிக்கும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். அதற்கு வகுப்பறையில் கைப்பேசி தேவையில்லை. அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விளையாட்டு அது. கரும்பலகையில் ஒரு மேடும் ஒரு ஜீப்பும் வரைந்தால் போதும்.

நான் கேட்ட முதல் கேள்வி: "கிடைத்த காசு முழுவதையும் என்ஜினுக்கே போட்டால் என்ன ஆகும்?" வழக்கமாகக் கை தூக்காத கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "மேட்டில் ஏறும்போது மல்லாந்துரும் சார்." ஏன் என்று கேட்டதும் வகுப்பு அமைதியானது. பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. இந்த விசை செயல்படும் இடம் டயர் தரையைத் தொடும் புள்ளி. வண்டியின் ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே, அரை மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. கீழே தள்ளும் விசை, மேலே இருக்கும் நிறை. ஆகவே வண்டியின் மூக்கை மேலே தூக்கும் திருப்புத்திறன் உருவாகிறது. சமதரையில் வண்டியின் எடை அதற்கு எதிராக நின்று மூக்கைக் கீழே அமுக்கி வைக்கும். சரிவில் ஏறும்போது ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே வரையும் கோடு பின்சக்கரத்தை நெருங்கிக்கொண்டே வருகிறது. எடையின் எதிர்ப்பு குறைகிறது. அக்கோடு பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைத் தாண்டிவிட்டால், பிறகு எடையே வண்டியைக் கவிழ்க்கும். ஏழாம் வகுப்பில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை வைத்து நாம் சொன்ன ஈர்ப்பு மையமும் நிலைத்தன்மையும் இதேதான். இங்கே அது தலைகீழாக வேலை செய்கிறது.

நம் மாவட்டத்தில் இந்தப் படத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: டிராக்டர். நடவுக்குத் தயாரான வயலில் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிடுகிறது. ஓட்டுபவர் என்ஜினை முறுக்குகிறார். சக்கரம் சுழல வழியில்லை. என்ஜினின் திருப்புத்திறன் எங்கேயாவது போயாக வேண்டும். சக்கரம் சுழலாதபோது, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலே மேலெழும்புகிறது. இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, உயரமான இடத்தில் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுபவர் கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள், ஓரிரு நொடியில், வண்டி மல்லாந்துவிடும். அடியில் மாட்டிக்கொள்வது ஓட்டியவர். சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும், புதைந்த வண்டியை முன்னோக்கி முறுக்காமல் பின்னோக்கி எடுக்கப் பார்க்க வேண்டும், கிளட்ச்சைச் சட்டென்று விடக்கூடாது என்ற மூன்று எச்சரிக்கைகளும் திருப்புத்திறன் பாடத்திலிருந்தே வருகின்றன. விடுமுறை நாளில் மாமாவின் டிராக்டரை ஓட்டும் மாணவர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அது சட்டப்படி சரியா என்பது தனிக் கேள்வி. ஆனால் அவர்கள் ஓட்டுகிறார்கள் என்பதை அறிந்துகொண்டே திருப்புத்திறனைக் கதவுக் கைப்பிடியோடும் ஸ்பேனரோடும் நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வானத்தில் நடப்பது. ஜீப் பறக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மூக்கு மேலே போகும். பிரேக்கை அழுத்தினால் கீழே வரும். எல்லா மாணவருக்கும் இது விரல் நுனியில் தெரியும். தொடுவதற்குத் தரையே இல்லாதபோது மிதி எப்படி வேலை செய்கிறது? வண்டி சக்கரத்தை ஒரு திசையில் வேகமாகச் சுழற்றினால், சக்கரம் வண்டியை எதிர்த்திசையில் சுழற்றும். சுழலும் சக்கரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தினால் அந்தச் சுழற்சி வண்டியின் உடலுக்கு வந்துவிடும். மோட்டோகிராஸ் வீரர்கள் உண்மையிலேயே இப்படித்தான் காற்றில் வண்டியை நேராக்குகிறார்கள். இங்கே நியூட்டன் பில் விதியை மீறவில்லை, அளவைத்தான் மீறுகிறான். நிஜ ஜீப்பின் சக்கரம் அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதை எவ்வளவு சுழற்றினாலும் கொஞ்சம்தான் சாயும், முழுக் குட்டிக்கரணம் அடிக்காது. 'விதி சரி, அளவு பொய்' என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் விளம்பரங்களைப் பார்க்கும்போதும் உதவும்.

விளையாட்டில் நிலவும் ஒரு களம். அதைப் பற்றி மாணவர்கள் வைத்திருக்கும் கருத்தில் ஒரு பாதி சரி, மறுபாதி தவறு. நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி²; பூமியில் 9.8. எனவே அதே வேகத்தில் எகிறினால் ஆறு மடங்கு உயரம், ஆறு மடங்கு நேரம். பூமியில் 1 நொடி பறக்கும் வண்டி அங்கே 6 நொடி பறக்கும். இதுவரை சரி. "எடை குறைவு, அதனால் எவ்வளவு செங்குத்தான மேட்டிலும் ஏறிவிடும் சார்" என்பார்கள். அங்கேதான் தவறு. வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எடை ஆறில் ஒரு பங்காகும்போது, டயரைத் தரையோடு அழுத்தும் விசையும் ஆறில் ஒரு பங்காகிறது. அதனால் உராய்வும் அதே அளவு குறைகிறது. டயர் வழுக்காமல் ஏறக்கூடிய கோணத்தை முடிவு செய்வது உராய்வுக் கெழு மட்டுமே, ஈர்ப்பு அல்ல. என்ஜினுக்கு வேலை குறையும், டயருக்குக் குறையாது.

இதை நம்ப வைக்க ஒரு தீப்பெட்டி போதும். பலகையின் ஒரு முனையில் காலி தீப்பெட்டியைப் படுக்க வைத்து, அந்த முனையை மெல்லத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று கோணமானியால் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே பெட்டியில் மணலை நிரப்பி மறுபடி செய்யுங்கள். எடை பல மடங்கு கூடியும் கோணம் ஏறக்குறைய அதேதான். பலகையில் உப்புத்தாள் ஒட்டினால்தான் கோணம் மாறும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வானவில் மன்றச் செயல்பாடாகவும் இதைச் செய்யலாம்.

நிலவில் உண்மையிலேயே வண்டி ஓடியிருக்கிறது. 1971-இல் அப்போலோ 15 கொண்டுசென்ற ஊர்தியின் நிறை 210 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மின்மோட்டார். ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன் மட்டுமே, நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை விடக் குறைவு. ஆனால் சக்கரத்துக்குத்தான் பொறியாளர்கள் மிகவும் பாடுபட்டார்கள்: ரப்பருக்குப் பதில் எஃகுக் கம்பி வலை, அதன் மேல் பிடிமானத்துக்கு டைட்டானியப் பட்டைகள். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிய பிரக்யானின் நிறை 26 கிலோ, ஆறு சக்கரங்கள். நிலவின் மண்ணை ஒத்த மண்ணில் சோதனை செய்ய இஸ்ரோ தேர்ந்தெடுத்தது நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறைகளை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நமக்கு அருகில்தான் இருக்கிறது நாமக்கல்.

சஸ்பென்ஷன் மேம்பாடு கணத்தாக்குப் பாடத்துக்கு நேராகப் பொருந்தும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 50 கிலோ உடல் தரையை அடையும்போது வேகம் ஏறத்தாழ 4.4 மீ/வி, உந்தம் 220 அலகு. அது 0.01 நொடியில் நின்றால் விசை 22,000 நியூட்டன். ஸ்பிரிங் அமுங்கி 0.2 நொடி எடுத்துக்கொண்டால் 1,100 நியூட்டன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் அதிர்வுத் தாங்கி, இந்த இரு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் உயிர்பெறுகிறது.

இனி விளையாட்டு மறைப்பவை. என் பார்வையில் இவையே முக்கியமானவை.

விளையாட்டில் விழுந்தால் சில நொடியில் புது ஜீப் கிடைக்கும். நம் ஊர்க் கண்மாய்க் கரைகள் மாலை நேரத்தில் யாருடைய பந்தயக் களமாக இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனின் பைக், சைலன்சர் மாற்றியது. பின்னால் வீடியோ எடுக்க ஒருவன். முன்சக்கரத்தைத் தூக்கும் 'வீலிங்'. முன்சக்கரம் ஏன் எழும்புகிறது என்ற விளக்கம் மேலே ஜீப்புக்குச் சொன்னதுதான். திரையில் இருப்பதும் கரையில் நடப்பதும் ஒரே இயற்பியல். விளையாட்டால்தான் பையன்கள் வீலிங் செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சமூக ஊடக வீடியோக்களின் பங்கு மிகப் பெரியது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும். உரிமம் போன செய்தி பலருக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்" என்று சொல்வதைவிட ஒரு கணக்குக் கொடுப்பது பலன் தருகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்? வேகம் 16.7 மீ/வி; வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் 14 மீட்டர் சொச்சம், அதாவது நான்கு மாடிக் கட்டடம். கணக்கைத் தாங்களே போட்ட பிறகு பிள்ளைகள் பேசும் விதமே வேறாக இருக்கிறது.

சட்டத்தையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. விளையாட்டில் பெருமையாகச் செய்யும் 'மேம்பாடு' நிஜ வண்டியில் 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நினைத்தபடி மாற்றக்கூடாது.

இதைச் சொல்லும்போது வண்டி மீதான ஆசையையே குற்றமாக்கிவிடக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள் உட்பட, சைக்கிள் கற்ற மாவட்டம் புதுக்கோட்டை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அந்த இயக்கத்தைப் பற்றி எங்கள் மாணவிகளின் பாட்டிகளிடம் கேட்டால் இன்றும் கதை கிடைக்கும். வண்டியின் மேல் உள்ள ஆசைக்கு இங்கே நல்ல வரலாறு உண்டு. விளையாட்டைப் பற்றிய உரையாடலில் மாணவிகள் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் இந்தக் கதை பயன்படுகிறது.

மேம்பாடு என்ற பகுதியை ஒரு சோதனை முறையாகவும் மாற்றலாம். என்ஜின், டயர் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றி, கூடுதல் தூரம் போனது என்றால் எதனால் போனது? தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, மூன்று முறை ஓட்டி, சராசரி எடுத்தால்தான் தெரியும். ஏற்கெனவே வீட்டில் விளையாடுபவர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் இப்படி ஓட்டி அட்டவணை கொண்டுவரலாம் என்றேன். கைப்பேசி இல்லாதவர்கள் அந்த அட்டவணைகளை வரைபடமாக்கும் குழுவில் சேர்ந்தார்கள். காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடாது என்பது முதல் நிபந்தனை. விளையாட்டு இலவசம் என்றாலும், உள்ளே உண்மைப் பணத்துக்குக் காசு விற்கிறார்கள், விளம்பரங்களும் நிறைய. அப்பாவின் கைப்பேசியில் பணப் பரிமாற்றச் செயலியும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அட்டவணைகளில் பெரும்பாலானவை ஒன்றையே காட்டின: என்ஜினை மட்டும் கூட்டியவர்களின் தூரம் சில படிகளுக்குப் பிறகு கூடவில்லை, குறைந்தது. காரணம் எழுதும் இடத்தில் "ஈர்ப்பு மையம்" என்ற சொல்லைப் பலர் தாங்களாகவே எழுதியிருந்தார்கள். இந்தப் பருவத்துக்கான செயல்திட்டம் அதிலிருந்து பிறந்தது. தங்கள் தெருவில் நிற்கும் டிராக்டர்களில், நின்ற நிலையில், உரிமையாளரின் அனுமதியோடு, டிரெய்லர் கொக்கியும் பின் அச்சும் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன என்று அளக்கிறார்கள். கொக்கி அச்சுக்கு மேலே இருக்கும் வண்டிகளின் பட்டியல் தனியாகத் தயாராகிறது. அதன் உரிமையாளர்களிடம் யார் போய்ச் சொல்வது என்பதையும் மாணவர்களே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.