நின்ற காருக்கும் பொறுப்பு உண்டு

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் என் சித்தப்பா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற காரின் டிரைவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்தார். மோதி விழுந்த சித்தப்பாவுக்கு வலது தோள் முறிந்தது. பொள்ளாச்சியில் தச்சு வேலை செய்பவருக்கு வலது தோள்தானே சோறு போடுகிறது!

“கார் நின்றுதானே இருந்தது? வந்து மோதியது நீங்கள்தான்” என்றார் டிரைவர். கூடியிருந்தவர்களும் தலையாட்டினர். 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்திடச் சொன்னார்கள். கேரளத்துக் கோர்ட்டுக்கு யார் அலைவது என்று சித்தப்பாவும் இசைந்துவிட்டார். நான்தான் தடுத்து, போலீசில் புகார் பதிவு செய்ய வைத்தேன்.

1987-ல் மகாராஷ்டிர நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்தது. ஓடாமல் கிடந்த வண்டியும் ‘உபயோகத்தில்’ இருந்ததே என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவைத் திறந்து இறங்குவதும் உபயோகம்தானே? டிரைவரின் கவனக்குறைவை நிரூபித்தால், காரின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸிலிருந்து நஷ்டஈடு பெறலாம். சைக்கிள்காரர் மீதும் தவறிருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும்.

எல்லையோர அன்பர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, அடிபட்டவர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். குமுளியில் அடிபட்ட கம்பத்துக்காரர் தேனி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடுவும் சட்டத்தில் சேர்ந்திருப்பதால் தாமதிக்க வேண்டாம்.

சித்தப்பாவின் மனு கோவை மாவட்டத்தில் விசாரணையில் இருக்கிறது. இழைப்புளியை இடக்கையால் தள்ளிப் பழகிக்கொண்டிருக்கிறார்.