கத்தி பிடித்த கை மாவு பிசைகிறது!

எதிரிகளை ஒரே அடுப்படியில் நிறுத்திய பாதிரியார்

ஒரே மேஜை. இந்தப் பக்கம் ஒரு வாலிபர். அந்தப் பக்கம் ஒரு வாலிபர். இருவர் கையிலும் ரொட்டி மாவு.

ஒரு காலத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொல்லத் துடித்தவர்கள். இன்று சேர்ந்து ரொட்டி சுடுகிறார்கள்!

இது நடப்பது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். நடத்தி வைத்தவர் கிரெகரி பாயில் என்ற பாதிரியார்.

8 கூட்டங்கள்

1986-ம் ஆண்டு பாயில் "டொலோரஸ் மிஷன்" என்ற மாதா கோவிலுக்குப் பங்குச் சாமியாராக வந்தார். சுற்றிலும் ஏழைகளின் குடியிருப்பு.

அங்கே 8 ரவுடிக் கூட்டங்கள் இருந்தன. தெருவுக்குத் தெரு சண்டை. பள்ளிக்கூடம் துரத்திவிட்ட பையன்கள் துப்பாக்கியுடன் திரிந்தார்கள்.

சண்டையில் மாண்ட வாலிபர்களைச் சாமியார் அடக்கம் செய்தார். இதுவரை அப்படி அடக்கம் செய்தவர்கள் 200 பேருக்கும் மேல்!

புறப்பட்டனர் தாய்மார்கள்

வேலை கிடைத்தால் பையன்கள் திருந்துவார்கள் என்று சாமியார் நம்பினார்.

1988-ல் கோவிலைச் சேர்ந்த தாய்மார்கள் துண்டுப் பிரசுரங்களுடன் கிளம்பினார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏறி இறங்கி, பையன்களுக்கு வேலை கேட்டார்கள். எளிதில் கிடைக்கவில்லை. ஜெயிலுக்குப் போனவனை யார் சேர்ப்பார்கள்?

1992-ல் அந்த நகரில் பெருங்கலவரம் மூண்டது. 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு ரே ஸ்டார்க் என்ற சினிமா தயாரிப்பாளர் பண உதவி செய்ய முன்வந்தார்.

கோவிலுக்கு எதிரே ஒரு பழைய ரொட்டிக் கூடம் இருந்தது. அதை வாங்கினார்கள். "ஹோம்பாய் பேக்கரி" பிறந்தது. "நம்ம ஊர்ப் பையன்" என்று அதற்கு அர்த்தம்.

மாவு தரும் பாடம்

ரொட்டி வேலை லேசானது அல்ல. மாவை அளவாக நிறுக்க வேண்டும். ஈஸ்ட் கலந்து பிசைய வேண்டும். பிறகு, நம் வீட்டு இட்லி மாவு போல, அது பொங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும்!

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எதிர்க் கூட்டத்தானுடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒருவன் பிசைந்த மாவை மற்றவன் சுட வேண்டும். பேசாமல் இருக்க முடியுமா? முதலில் ஒரு வார்த்தை. பிறகு ஒரு சிரிப்பு. பகை இப்படித்தான் கரைகிறது.

தீயும் பஞ்சமும்

1999-ல் அந்த பேக்கரி தீயில் எரிந்தது. சாமியார் மனம் தளரவில்லை. 2007-ல் புதிய கட்டிடம் எழுந்தது. அங்கே பெண்கள் சமைத்துப் பரிமாறும் "ஹோம்கேர்ல் கபே" ஓட்டலும் நடக்கிறது.

2010-ல் பணப் பஞ்சம் வந்தது. பெரும்பாலோருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அதையும் தாண்டி நிறுவனம் நிமிர்ந்தது.

இங்கே பயிற்சி 18 மாதம். பயிற்சிக்குச் சம்பளம் உண்டு. ரவுடிக் கூட்டத்தின் பச்சைகுத்திய அடையாளத்தையும் இலவசமாக அழித்து விடுகிறார்கள்.

2024-ல் அமெரிக்க ஜனாதிபதி, நாட்டின் உயர்ந்த விருதான சுதந்திரப் பதக்கத்தைப் பாயிலுக்கு அணிவித்தார்.

அடுப்பு எரியாத ஊர் இல்லை. திருந்த வருகிறவனுக்கு அதன் பக்கத்தில் ஓர் இடம் கொடுக்க மனம்தான் வேண்டும்!