கத்தியின் பதங் கெடாமல் நீர்ச்சாணையில் தீட்டுதல்

கமக்காரர் கையாளும் கருவிகளுள் கத்தியைப்போல் நாள்தோறும் பயன்படுவது பிறிதொன்றில்லை. வரப்பிலுள்ள பற்றைகளைத் துப்புரவு செய்தல், வாழைக்குலை வெட்டுதல், கோவா அறுவடை செய்தல், தக்காளி, கத்தரிச் செடிகளின் வேண்டாத கிளைகளைக் களைதல் ஆகிய எல்லாவற்றிற்கும் கத்தி வேண்டும். நெல் அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தால் நடைபெறும் இக்காலத்திலும், வயலின் மூலைகளிலும், நீர் வடியாத இடங்களிலும், சாய்ந்த பயிரிலும் அரிவாளின் வேலை ஒழிந்துவிடவில்லை.

மழுங்கிய கத்தியால் விளையும் தீங்குகள் இரண்டு. முதலாவது, வெட்டுபவர் அதிக பலம் கொடுக்க நேர்கிறது. அப்போது கத்தி நழுவிக் கையையோ காலையோ வெட்டிவிடும். இரண்டாவது, செடியின் தண்டு வெட்டுப்படாமல் நசுங்குகிறது. நசுங்கிய காயம் ஆறுதற்கு நாட் செல்லும்; அதுவரை நோய்க்கிருமிகள் உட்புகுவதற்கு வழி திறந்திருக்கும்.

ஆகவே கத்தியைத் தீட்டுதல் அவசியம். ஆயின், தவறான முறையில் தீட்டப்பட்ட கத்தி மழுங்கிய கத்தியிலும் கேடானது. சில ஆண்டுகளுக்கு முன் கமக்காரர் ஒருவர் தமது புதிய வெட்டுக்கத்தியை எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். வேகமாகச் சுழலும் உலர்சாணையில் அதனைத் தீட்டுவித்திருந்தார். பார்வைக்குக் கூர்மையாகவே இருந்தது. ஆனால் வாழைத்தோட்டத்தில் அரைநாள் வேலை செய்வதற்குள் அதன் வாய் மடிந்துவிட்டது. மீண்டும் தீட்டினார், மீண்டும் மடிந்தது. கத்தியின் பதம் போய்விட்டமையே அதற்குக் காரணம்.

பதம் என்பது யாது?

கத்திக்குரிய உருக்கைக் கொல்லர் செந்நிறமாகக் காய்ச்சி, நீரில் அல்லது எண்ணெயில் தோய்ப்பர். இதனால் உருக்கு மிகக் கடினமாகும்; அதனுடன் எளிதில் உடையக்கூடியதாயும் ஆகும். அவ்வுடையுந் தன்மையைக் குறைக்கும் பொருட்டு அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி எடுப்பர். இவ்வாறு கடினமும் உறுதியும் அளவோடு சேர்ந்த நிலையே பதம் எனப்படும்.

வாட்டிய சூட்டிலும் மிகுந்த சூடு பின்னர் ஒருமுறை பட்டாலும் அந்தப் பதம் கெடும். துலக்கிய உருக்கைச் சூடாக்கும்போது ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் இள மஞ்சள் நிறமும், 260 பாகையளவிற் கபில நிறமும், 300 பாகையளவில் நீல நிறமும் அதன் மேற்பரப்பிற் தோன்றும். தீட்டும்போது கத்தியின் வாயில் நீலம் பாய்ந்தால், பெரும்பாலான கத்திகளில் அவ்விடம் மென்மையாகிவிட்டது எனக் கொள்ளலாம். நீல நிறத்தை மேலும் தேய்த்து அகற்றிவிடலாம், மென்மை அகலாது. ஆதலின் வாங்குபவர் கண்ணுக்கு அக்குறை தெரிவதில்லை.

நீர் செய்யும் வேலை

150 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலர்சாணைச் சில்லு நிமிடத்திற்கு 2,850 தடவை சுழலுமாயின், அதன் விளிம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,340 மீற்றர் ஓடுகிறது. 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள நீர்ச்சாணைச் சில்லு நிமிடத்திற்கு 90 தடவை சுழலும்போது அதன் விளிம்பு ஓடுவது 70 மீற்றர் மாத்திரமே. வேகம் குறைவதால் உராய்வினால் உண்டாகும் சூடும் குறைகிறது. சில்லின் அடிப்பாகம் தொட்டியிலுள்ள நீரில் தோய்ந்து சுழல்வதால், உண்டாகும் சிறு சூட்டையும் நீர் கொண்டுபோய்விடும். உருக்குத் துகள்களும் கழுவப்படுவதால் கல்லின் துளைகள் அடைபடுவதில்லை. தூசி சுவாசத்திற் செல்வதுமில்லை.

உலர்சாணையில் இடையிடையே கத்தியை நீரில் அமிழ்த்தினாற் போதாதா எனச் சிலர் வினவுவர். கத்தியின் வாய் மிக மெல்லியது. அங்கு உண்டாகும் சூடு பரவிச் செல்ல இடமில்லை. நீரில் அமிழ்த்துவதற்கு முன்னரே, கண நேரத்தில், வாய் எரிந்துவிடும். அமிழ்த்துதல் கையிற் சுடாமற் காக்குமேயன்றி, எரிந்த வாயை மீட்காது.

தீட்டும் முறை

1. கத்தியிலுள்ள மண்ணையும் செடிச்சாற்றையும் முதலிற் கழுவித் துடைக்க வேண்டும்.

2. தொட்டியில் நீர் நிரப்பிச் சில்லைச் சுழலவிடுக. கல் நீரை உறிஞ்சும். ஆகையால் நீர்மட்டம் குறையும்போது மேலும் நீர் ஊற்றுக.

3. கத்தியின் சரிவைத் தீர்மானிக்க வேண்டும். சதுரமான கடதாசியின் மூலை 90 பாகை. அம்மூலையை ஒருமுறை சரிபாதியாக மடித்தால் 45 பாகை. மறுமுறை மடித்தால் 22½ பாகை. வெட்டுக்கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் இந்த 22½ பாகை பொருத்தமாகும். மரக்கறி அறுக்கும் மெல்லிய கத்திக்கு 15 முதல் 20 பாகை போதும். சரிவு குறைந்தால் கூர்மை மிகும். ஆனால் கட்டையிற் பட்டவுடன் வாய் சிதையும்.

4. வாயோரத்தில் மையினாற் பூசிவிட்டு, ஒருமுறை கல்லில் மெல்லத் தொட்டு எடுத்துப் பார்க்க. மை வாயின் நுனிவரை அகன்றிருப்பின் சரிவு சரியானது. மேற்பாகத்தில் மாத்திரம் அகன்றிருப்பின் கத்தியின் முதுகைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

5. பழகாதவர், கல் கத்தியின் வாயை விட்டு அகலும் திசையிற் பிடித்துத் தீட்டுதல் பாதுகாப்பானது. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அவ்விடம் குழியும்.

6. மறுபக்கத்தில் கம்பிபோன்ற மெல்லிய பிசிர் வாய்நெடுகக் கைக்குத் தட்டுப்படும்வரை ஒருபக்கத்தைத் தீட்டுக. பின்னர் மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டுக. பிசிர் தோன்றாத இடம் இன்னும் மழுங்கலாகவே உள்ளது.

7. இறுதியாக அப்பிசிரை நீக்க வேண்டும். மெருகுப்பசை பூசிய தோற்சில்லிலோ தோல்வாரிலோ இருபக்கமும் மாறிமாறித் தேய்க்க. இங்கு வாய்க்கு எதிர்த்திசையில் ஒருபோதும் தேய்க்கலாகாது; கத்தி தோலை வெட்டிக் கையிலிருந்து பறிபடும். இவ்வேலையைத் தவிர்த்தால் பிசிர் வயலிலே முறிந்து, அன்றே கத்தி மழுங்கும்.

கூர்மையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தல் வேண்டாம். பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமல் அறுக்குமாயின் கத்தி தயாராகிவிட்டது.

சாணையில் வைக்கலாகாதவை

நெல் அரியும் பல்லுள்ள அரிவாளின் பற்களைச் சில்லில் வைத்துத் தேய்த்தல் கூடாது. ஒருமுறை தேய்த்தாலே பற்கள் அழிந்து, தாள் வழுக்கும். பற்கள் தேய்ந்தபின் கொல்லரிடம் கொடுத்துப் புதிதாகப் பல் வெட்டுவிப்பதே முறை. ஒட்டுக்கத்தி ஒருபக்கம் மாத்திரம் சரிவுள்ளதாயின் அச்சரிவை மாத்திரமே தீட்டி, தட்டையான பக்கத்திலுள்ள பிசிரைத் தோலில் நீக்குக.

கவனிக்க வேண்டியவை

நீரும் மின்சாரமும் ஒன்றுசேருமிடத்தில் அசட்டை ஆகாது. தானியங்கித் துண்டிப்பானும் புவித்தொடுப்பும் உள்ள இணைப்பிலேயே இயந்திரத்தைப் பொருத்துக. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கலாகாது. தொங்கும் சால்வை, தளர்ந்த கைச்சட்டை ஆகியன சில்லுக்கு அருகில் வேண்டாம். மின்சாரமில்லாதவிடத்துக் கையாற் சுழற்றும் சாணையும் நீர்த்தொட்டியும் இதே பயனைத் தரும்.

வேலை முடிந்தவுடன் தொட்டி நீரை வெளியேற்றுக. நிறுத்திய சில்லின் ஒருபாதி நீரில் ஊறிக்கொண்டிருந்தால் அப்பாகம் பாரமாகி, சிலவகைக் கற்களில் மென்மையுமாகி, சில்லு சமநிலை குலையும். கத்தியை உலரத் துடைத்து எண்ணெய் பூசி வைக்க.

பலர் ஒரே சாணையைப் பயன்படுத்துமிடத்து மற்றொரு கவனமும் வேண்டும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய பயிர்களைத் தாக்கும் பற்றீரிய வாடல்நோய் மண்ணாலும் கத்தியாலும் பரவக்கூடியது. எனவே தீட்டிய கத்தியைத் தோட்டத்திற் பயன்படுத்துமுன் 70 சதவீத மதுசாரத்தால் துடைத்துக்கொள்க. நோயுற்ற செடியை வெட்டிய கத்தியையும் அவ்வாறே துடைத்தபின்னரே அடுத்த செடியிற் படவிடலாம்.

பதங் கெட்ட கத்தியை எறிந்துவிட வேண்டியதில்லை. மென்மையான பாகம் சிறிதாயின் நீர்ச்சாணையில் அதனைத் தேய்த்து நீக்கிவிடலாம். பெரிதாயின் கொல்லர் மீண்டும் காய்ச்சித் தோய்த்துத் தருவார்.

நீர்ச்சாணை மெதுவாக வேலை செய்யும். உலர்சாணையில் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இங்கே பத்து நிமிடம் செல்லலாம். தனியொருவர் வாங்குதற்கு விலை கூடுதலாயின், கமக்காரர் அமைப்பினர் ஒன்றுகூடி ஓரியந்திரம் வாங்கி, போகந் தொடங்குமுன் யாவருடைய கத்திகளையும் தீட்டிக்கொள்ளலாம். அவசரத்தில் மிச்சமாகும் எட்டு நிமிடத்திற்காக, ஆண்டுகள் பல உழைக்கவேண்டிய கத்தியை இழத்தல் இலாபமாகாது.